லித்தியம் சிவப்பில் வந்தால் ரெசின் வாங்க வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரில் வீட்டில் 200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கிறேன். நீரில் உள்ள தனிமங்களை ஆய்வகத்தில் அளக்கும் ஐசிபி சோதனைக்குத் தண்ணீர் அனுப்பினேன். லித்தியம் லிட்டருக்கு 520 மைக்ரோகிராம் என்று சிவப்பில் வந்திருக்கிறது. கடைக்காரரிடம் காட்டினால், லித்தியத்தை மட்டும் இழுக்கும் ரெசின் (நீரில் கரைந்ததைப் பிடித்துவைக்கும் சிறு மணிகள்) இருக்கிறது, 65 வெள்ளி என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், காசைத் தண்ணீர் மாற்றத் தேவையான கடலுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடல்நீரில் லித்தியம் லிட்டருக்குச் சுமார் 180 மைக்ரோகிராம். அதே லிட்டரில் சோடியம் ஏறக்குறைய 10,800 மில்லிகிராம், அதாவது அறுபதாயிரம் மடங்கு. இரண்டும் ஒற்றை நேர்மின்னேற்றம் கொண்டவை. டேங்கில் போடும் சாதாரண ரெசினில் லித்தியம் ஒட்டுவதற்குள் சோடியம் எல்லா இடத்தையும் பிடித்துவிடும். கார்பனும் இதைத் தொடாது. பாஸ்பேட்டுக்குப் போடும் இரும்பு மணிகளும் அப்படித்தான். கடல்நீரிலிருந்து லித்தியம் எடுக்கும் தனிவகைப் பொருள்கள் ஆய்வுக்கூடங்களில் இருப்பது உண்மை. ஆனால் கடைக்காரர் காட்டிய டப்பாவில் இருப்பது அதுதானா என்பதற்கு அச்சிட்ட சான்று ஏதாவது கேளுங்கள்.

அப்புறம், சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆய்வகம் இயற்கைக் கடலோடு ஒப்பிட்டு நிறம் போடுகிறது, அவ்வளவுதான். கடலைவிட இரண்டு மூன்று மடங்கு லித்தியம் உள்ள டேங்குகளில் பவளம் நன்றாக வளர்வது சாதாரணமாகக் காணக்கூடியது. உங்கள் பவளம் சுருங்கியிருந்தால் முதலில் கேஎச் (நீரின் காரத்தன்மை), பாஸ்பேட், வெப்பம் இவற்றைப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது? நான் ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

பதில்: பெரும்பாலும் நீங்கள் வாங்கும் செயற்கைக் கடலுப்பு வாளியிலிருந்துதான். உப்பளத்தில் உப்பு விளைந்ததும் வாரி எடுத்துவிடுவார்கள்; மிஞ்சுவது கசப்பான நீர். மெக்னீசியமும் லித்தியமும் அதில்தான் தங்கும். அந்த நீரிலிருந்தும் பழைய உப்பேரிகளின் நீரிலிருந்தும் எடுக்கும் மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் செயற்கைக் கடலுப்பில் கலக்கப்படுகின்றன. சுத்திகரிப்பு குறைவாக இருந்தால் லித்தியமும் கூடவே வந்துவிடும். தினமும் கால்சியம் குளோரைடு திரவம் ஊற்றுபவருக்கு அது இன்னொரு வழி.

ஆகவே அடுத்த சோதனைக் கட்டணத்தை டேங்கில் செலவழிக்காதீர்கள். புதிய உப்பை ஆர்ஓ நீரில் உப்படர்த்தி 35-க்கு (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு) கலந்து, அந்த நீரை மட்டும் அனுப்புங்கள். உப்பை எடுக்கும் முன் வாளியை நன்றாக உருட்டிவிடுங்கள். நீண்ட நாள் நின்ற வாளியில் மேலும் கீழும் ஒரே கலவை இருக்காது.

கணக்கு இப்படி: புதிய நீரில் 180 இருந்தால், 40 லிட்டர் வீதம் நான்கு முறை மாற்றியதும் 520 என்பது சுமார் 320-க்கு இறங்கும். புதிய நீரிலேயே 400 இருந்தால் அதே நான்கு முறையில் 450-தான். எத்தனை முறை மாற்றினாலும் 400-க்குக் கீழே போகாது. வாளியின் மேல் ‘இயற்கைக் கடலுக்கு நிகர்’ என்று எழுதியிருப்பதை நம்பாமல், அந்தத் தொகுதி எண்ணுக்கான ஆய்வறிக்கை இருக்கிறதா, அதில் லித்தியம் வரி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பல அறிக்கைகளில் கால்சியம், மெக்னீசியத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

சிங்கப்பூரில் இயற்கைக் கடல்நீரும் விலைக்குக் கிடைக்கிறது. அங்கே உப்படர்த்தி 30 அளவில் இருக்கும் என்பதால் கொஞ்சம் உப்பு சேர்த்து 35 ஆக்க வேண்டும். சேர்ப்பது 400 தரும் உப்பாகவே இருந்தாலும் மொத்தம் 210 சுற்றித்தான் வரும். எனக்குப் பிடித்த வழி இதுதான். பெருமழைக்கு மறுநாள் எடுத்த நீரை மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: நண்பர் அந்த ரெசினை ஏற்கெனவே வாங்கிவிட்டார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: போடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஐசிபி அறிக்கை இரண்டும் இருந்தால் நல்ல பிடி இருக்கிறது. இடையில் தண்ணீர் மாற்றியிருக்கக் கூடாது. ‘லித்தியத்தை நீக்கும்’ என்று டப்பாவிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ எழுத்தில் இருப்பதைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பொருளைப் பற்றிப் பொய்யான உறுதி தருவது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டத்தில் நியாயமற்ற நடைமுறை. முதலில் கடையிலேயே கேட்கட்டும். மறுத்தால் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதலாம். சிறு கோரிக்கை மன்றம் வரை போக 65 வெள்ளி தகுமா என்பதை அவரே யோசித்துக்கொள்ளட்டும்.