பக்கத்து வீட்டில் வேலைக்கு நிற்கும் பிள்ளை

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரும் படுக்கையில் இருக்கும் அவருடைய தாயாரும் இருக்கிறார்கள். சித்திரைக்குப் பிறகு ஒரு பெண்பிள்ளையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வன்னிப் பக்கமாம், வயது 13. விடிய ஐந்தரைக்கே முற்றம் கூட்டும் சத்தம் கேட்கும். பிறகு கிணற்றடியில் சட்டி பானை, அம்மம்மாவின் உடுப்பு. பள்ளிக்கூட வான் வரும் நேரம் படலையடிக்கு வந்து நிற்பாள். என் மகள் ஏறிப் போனதும் உள்ளே போய்விடுவாள். அடி, ஏச்சு ஒன்றும் இல்லை. நல்ல சாப்பாடு, மாதாமாதம் தாய்க்குக் காசும் போகிறதாம். ரீச்சர் என் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கியவர். "உனக்கேன் ஊர் வம்பு" என்கிறார் கணவர். முறையிட்டால் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் போட்டுவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்ய?
— கோண்டாவில் வாசகி

பதில்: தங்கச்சி, ரீச்சர் நல்லவர் என்பதை நம்புகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி அவருக்கு நீங்கள் எழுதிய நற்சான்றிதழாகவே இருக்கிறது. பிள்ளையின் விருப்பம் தெரிகிற இடம் ஒன்றே ஒன்று: அந்த வான் வரும் நேரம். அதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள், கேள்வியும் அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

சட்டத்தில் குழப்பம் இல்லை. இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக்குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சம்பளம் ஒழுங்காகப் போகிறது என்பதாலோ, "எங்கட பிள்ளை மாதிரித்தான் வைச்சிருக்கிறம்" என்பதாலோ 13 வயது 16 ஆகிவிடாது. (யாழ்ப்பாணத்தில் சொந்தப் பிள்ளையை விடிய ஐந்தரைக்கு எழுப்புவது எதற்கு என்று ரீச்சருக்கு நாங்கள் சொல்லித் தரவேண்டியதில்லை.) கல்வியைக் கெடுக்கும் வேலையிலிருந்து பிள்ளைகளைக் காப்போம் என்று ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் இலங்கை ஒப்புக்கொண்டது 1991இல். அப்போது இந்தப் பிள்ளையின் தாயே சின்னப்பிள்ளையாக இருந்திருப்பா, அல்லது பிறந்தே இருக்கமாட்டா.

முதலில் ரீச்சரோடு கதைத்துப் பார்ப்போமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம். மரியாதைக்கு அது சரியாகப் படலாம். ஆனால் பயந்துபோய் இரவோடிரவாகப் பிள்ளையை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டால், அங்கே மதிலுக்கு இந்தப் பக்கம் நீங்கள் இருக்கமாட்டீர்கள். பிள்ளையைத் தனியே கூப்பிட்டுத் துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். "நான் உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. எல்லாவற்றையும்விட, படம் எடுத்து முகநூலிலோ வைபர் குழுவிலோ போடவே கூடாது. ரீச்சருக்கு வருகிற அவமானம் ஒருபுறம் இருக்க, அந்தப் பிள்ளையின் முகம் ஊரெல்லாம் சுற்றும்.

உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். நேரே போய் அவரைச் சந்தியுங்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருக்கிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம், உங்கள் பெயரைச் சொல்லாமலும் முறையிடலாம். ஊகங்களை விட்டுவிட்டுக் கண்டதைச் சொல்லுங்கள்: எப்போதிருந்து நிற்கிறாள், எத்தனை மணிக்கு எழும்புகிறாள், பள்ளி நேரத்தில் என்ன செய்கிறாள். இப்போது அவளுக்கு அடி இல்லை. என்றைக்காவது காயமோ அலறலோ கண்ணில் காதில் பட்டால், அலுவலகம் திறக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 1929, அல்லது பொலிஸின் 119.

இல்லத்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து இல்லத்தில் விடுவது கடைசி வழியாகவே இருக்கவேண்டும். தாயோடு சேர்க்க முடியுமா, பெரியம்மா, மாமி என்று யாராவது பொறுப்பெடுப்பார்களா என்று பார்ப்பது நன்னடத்தை உத்தியோகத்தரின் வேலை. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனாலும், உறவினரிடமோ தகுந்த வேறொருவரிடமோ பிள்ளையை ஒப்படைக்க 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. எங்கே இருக்க விருப்பம் என்று அவளிடமே கேட்கவேண்டும் என்பதும் சமவாயத்தில் உள்ளதுதான். அதிகாரிகள் அவசரத்தில் மறக்கிற விஷயம் இது. நீங்கள் ஞாபகப்படுத்தினால் குற்றமில்லை.

ஆனால் ஒன்று. தாய்க்குப் போகிற காசு நின்றுவிட்டால், அடுத்த மாதம் பிள்ளை இன்னொரு வீட்டு முற்றத்தில் நிற்பாள். ஆகவே அந்தக் குடும்பத்துக்கு அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும கிடைக்கிறதா, இல்லையென்றால் விண்ணப்பிக்க ஆர் உதவுவது என்றும் அந்த உத்தியோகத்தரிடமே கேளுங்கள். பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசு தருகிறது. பஸ் காசும் கொப்பியும் சப்பாத்தும்தான் ஏழை வீட்டை மறிக்கும். உங்கள் குடும்பத்தால் உதவ முடிந்தால் அதில் உதவுங்கள், அதையும் பாடசாலை ஊடாக.

ரீச்சருக்கும் உண்மையான கஷ்டம் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் தாயைத் தூக்கித் திருப்ப ஆள் வேண்டும். அதற்கு வளர்ந்த பெண் ஒருத்தி பகல் வேலைக்கு வரவேண்டும், கூடுதல் சம்பளமும் கொடுக்கவேண்டும். பிள்ளை போன பிறகு ஆள் தேடுவதில் நீங்கள் கூடமாட நில்லுங்கள். முறையிட்டது நீங்கள்தான் என்று தெரிந்தால் கொஞ்சக் காலம் கதைக்காமல் விடுவா. கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்புவா. ஏடு தொடக்கிய கை என்பதால் உங்களுக்கு அது வலிக்கும், தாங்கத்தான் வேண்டும்.

கணவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் மகள் வேறு யாருடைய வீட்டிலாவது அந்த நேரத்தில் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றால், பக்கத்து வீட்டுக்காரர் "ஊர் வம்பு" என்று இருப்பதை அவர் விரும்புவாரா? பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை பிரதேச செயலகம் திறக்கிறது.