மோரில் கரைத்த பெருங்காயம்

அன்புள்ள அக்கா,

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். வயது 31. ஒன்றரை ஆண்டுக்கு முன் ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் செய்து, சீலியாக் நோய் என்று உறுதியாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து கோதுமை, மைதா, ரவை எதையும் தொடுவதில்லை. எனக்குத் தனிப் பாத்திரம். சாம்பாரும் ரசமும் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. சோறு, தீயல், மீன்கறி இவைதான் என் சாப்பாடு. ஆனாலும் மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பே வயிறு உப்பிவிடுகிறது. பிறகு வயிற்றுப்போக்கு, தலைபாரம், எழுந்திருக்க முடியாத அசதி. சரியாவதற்கு எட்டு ஒன்பது நாள் ஆகிறது. இது குளூட்டனாலா, மாதவிடாயாலா என்று எப்படிப் பிரித்தறிவது? தெரிந்துகொள்வதற்காகவே போன மாதம், இரண்டு தேதிக்கும் நடுவில், பாதிப் பரோட்டா தின்று பார்த்தேன். அப்போதும் இதே தொந்தரவுகள்தான் வந்தன. டாக்டரிடம் மாதவிடாய் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கணவரும் உடன் இருந்தார். என் மாமியார் மிக நல்லவர். அந்த நாட்களில் மூன்று வேளையும் மோரில் பெருங்காயம் கரைத்துக் கையில் கொடுத்துவிடுவார். பாலையும் நிறுத்திவிடலாமா? சித்த மருந்து சாப்பிடலாமா? உங்கள் கதைகளில் வரும் பெண்கள் ஏன் எப்போதும் அடுக்களையிலேயே இருக்கிறார்கள் என்றும் கேட்க நினைத்தேன்.

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைக் காலையில் படித்தேன். மதியம் மறுபடியும் எடுத்துப் படித்தேன். நீங்கள் கேள்வியாக எழுதிய எதையும்விட, மாமியாரைப் புகழ்ந்து எழுதிய அந்த ஒற்றை வரிதான் என்னை நிறுத்தியது. அதற்கு வருகிறேன்.

முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். பாதிப் பரோட்டா! படித்த பெண் செய்கிற காரியமா இது? சீலியாக் என்பது ஏதோ ஒன்று வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகிற சங்கதி அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை மழுங்கிப்போகின்றன. அவை திரும்ப முளைக்க மாதக்கணக்கில் ஆகும். வளர்ந்தவர்களுக்குச் சில சமயம் ஆண்டுக்கணக்கிலும் ஆகும். ஒன்றரை ஆண்டு பத்தியம் இருந்து வளர்த்த பயிரில் நீங்களே மாட்டை அவிழ்த்துவிட்டிருக்கிறீர்கள். இனி ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது, டாக்டரிடம் மறைத்தது. இதற்குத் திட்ட மனம் வரவில்லை. தூரம், தீட்டு, விலக்கு என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் அடுத்த முறை கணவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். மாதவிடாயை விட்டுவிட்டு ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றி எந்த டாக்டராலும் முழுதாகச் சொல்ல முடியாது.

ஏன் என்றால், மாதவிடாய் கருப்பையோடு நின்றுவிடுவதில்லை. முட்டை வெளியான பிறகு புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன் கூடும். அது குடலின் ஓட்டத்தைத் தளர்த்துவதால் வயிறு உப்பும், மலம் இறுகும், மார்பு கனத்து வலிக்கும். உதிரம் தொடங்கும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து கருப்பையை இறுக்கிப் பிழிகிறது. பக்கத்தில் இருக்கும் குடலும் அதற்குத் தப்புவதில்லை. முதல் நாள் பலருக்கு வயிறு இளகிப்போவது அதனால்தான். இவ்வளவும் இயல்பு. வழக்கமாக இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

குளூட்டனுக்குக் காலண்டர் தெரியாது. மாதத்தின் எந்த நாளானாலும், தின்ற சில மணி நேரத்திலோ மறுநாளிலோ வேலையைக் காட்டும். உப்புசம், வயிற்றுப்போக்கு, அசதி, தலைக்குள் பனி மூடியதுபோல் ஒரு மந்தம் எல்லாம் வரும். வந்தால் சில நாள் தங்கும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும். மார்பு வலியை அதன் தலையில் போட முடியாது. இப்போது உங்கள் கடிதத்தைப் பாருங்கள். உதிரம் வந்த மூன்றாம் நாள் அடங்கவேண்டிய வயிறு எட்டு ஒன்பது நாள் அடங்காமல் கிடக்கிறது. பரோட்டாவுக்கு வந்த அதே தொந்தரவு அச்சு அசலாக வருகிறது. ஆனால் தேதி தவறாமல் மாதவிடாயோடு வருகிறது. குழப்பம் இந்தக் கடைசி விஷயத்தில்தான்.

இந்தக் குழப்பத்தை நான் ஒருமுறை வீட்டுக்குள் வைத்தே பார்த்திருக்கிறேன். எங்கும் எழுதியதில்லை.

இரணியலில் எங்கள் வீட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். அம்மா அதில் பென்சிலால் பால்கணக்கு எழுதுவாள். அரை, முக்கால், பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. அக்கா தன் தேதியைக் கட்டத்தின் மூலையில் சிவப்பு மையால் புள்ளியாக வைப்பாள். அப்பா கண்ணில் பட்டாலும் புரியாத அளவுக்குச் சின்னப் புள்ளி. அந்த நாட்களில் அவளுக்கு நகக்கண் எல்லாம் வெளுத்துவிடும். அம்மா பதறுவாள். ரத்தம் போகிறதே, பிள்ளைக்குத் தெம்பு வேண்டுமே என்று புள்ளி விழுந்த நாளிலிருந்து ஐந்து நாளும் காலையும் மாலையும் மால்ட் பானம் கலக்கிக் கொடுப்பாள். கண்ணாடிப் புட்டியில் வரும் விலை கூடிய பொருள். எனக்குக் கிடையாது. தம்ளர் விளிம்பில் காய்ந்திருக்கும் பழுப்பு நுரையை அக்கா பார்க்காதபோது நான் விரலால் வழித்து நக்கியிருக்கிறேன். முளைகட்டிய பார்லியும் கோதுமை மாவும் சேர்ந்ததுதான் அந்தத் தெம்பு. மற்ற நாட்களில் வீட்டில் புட்டும் ஆப்பமும் மரச்சீனியும்தான். விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு அக்காவை அறியாமலே காப்பாற்றி வந்திருக்கிறது. ஐந்து நாள் மட்டும் காப்பாற்றவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் போயிற்று. அத்தானுக்குச் சர்க்கரை நோய், இரவெல்லாம் சப்பாத்தி. அக்காவும் அதையே தின்றாள். வெளுத்துக்கொண்டே போனாள். எத்தனை இரும்புச்சத்து மாத்திரை! ஒன்றும் ஒட்டவில்லை. இரும்பை உடம்பு உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கத்தில். இந்த நோய் அரிப்பதும் அந்த இடத்தைத்தான். பார்த்த டாக்டர்கள் எல்லாரும் உதிரப்போக்கு அதிகம் என்றே எழுதினார்கள். ஒருவர் கருப்பையை எடுத்துவிடலாம் என்றார். கையில் பணம் இல்லாததால் அது தள்ளிப்போயிற்று. 2009-இல், அவளுடைய 43-ஆவது வயதில், ஹீமோகுளோபின் ஏழுக்கு இறங்கியிருந்தபோது, இளம் பெண் டாக்டர் ஒருவர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டிராத கேள்வி. பிறகு அந்த ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். கோதுமையை நிறுத்தி ஓராண்டில் அக்கா பதினொன்றைத் தொட்டாள்.

அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். தன் கையால் கலக்கிக் கொடுத்தது என்ன என்று தெரியாமல் போனாள். அதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு.

உங்கள் கடிதத்தைத் தொலைபேசியில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “என்ன பெருங்காயம்?”

பெருங்காயம் என்பது ஒரு செடியின் வேரைக் கீறி வடித்த பால் உறைந்தது. ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வருகிறது. நம் நாட்டில் அதைப் பயிரிடும் முயற்சி 2020 அக்டோபரில் இமாசலத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் தொடங்கியது. அப்படியே பயன்படுத்துவது கடினம் என்னும் அளவுக்கு அதன் காரம் கடுமையானது. ஆகவே பிசினும் மாவும் சேர்த்து இடித்துக் கட்டியாகவோ தூளாகவோ விற்கிறார்கள். கூட்டுப் பெருங்காயம் என்று டப்பாவில் போட்டிருப்பதற்கு அர்த்தம் அதுதான். சிலவற்றில் அரிசிமாவு. பலவற்றில் மைதா.

ஒரு சிட்டிகையில் என்ன ஆகிவிடும் என்பீர்கள். சாம்பாரில் விழும் சிட்டிகை பானை முழுவதற்கும் பரவி வீட்டில் எல்லாருக்கும் பிரியும். மோரில் கரைப்பது அப்படியா? முழுதும் உங்கள் ஒருத்தி வயிற்றுக்கு. கால் ஸ்பூன் என்றால் அரை கிராமாவது இருக்கும். அதில் பாதி மைதா என்று வையுங்கள். மைதாவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஒரு தம்ளருக்கு 25 மில்லிகிராம், மூன்று வேளைக்கு 75. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உட்கொண்ட சீலியாக் நோயாளிகளின் குடலில் சேதம் கண்ட ஆய்வு இருக்கிறது. குளூட்டன் இல்லாதது என்று ஓர் உணவுப்பொருளை விற்க வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. நீங்களோ சாம்பாரும் ரசமும் தொடாதவர். உங்கள் தீயலிலும் மீன்கறியிலும் பெருங்காயம் விழுவதில்லை. மாதம் முழுவதும் அது உங்களிடம் வருவதே இல்லை. வயிறு உப்புகிற அன்று, உப்பியதற்கு மருந்தாக, மூன்று வேளையும் வருகிறது. மாதவிடாய் தொடங்கிவைப்பதைப் பெருங்காயம் பிடித்துக்கொண்டு எட்டு நாள் இழுக்கிறது என்றே நினைக்கிறேன். டப்பாவைப் பார்க்காமல் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் பார்க்கவேண்டிய இடம் அது.

ஆகவே தேதியை மட்டும் குறித்தால் போதாது. அந்தத் தேதியில் மட்டும் வாய்க்குள் போவது என்ன என்று குறியுங்கள். சத்துமாவுக் கஞ்சி, உறவினர் கொண்டுவரும் முந்திரிக்கொத்து (மேல்மாவில் அரிசியோடு மைதாவும் கலக்கிறார்கள்), மால்ட் பானம், வலி மாத்திரையின் பெயர் எல்லாவற்றையும். எத்தனை மணிக்குத் தின்றீர்கள், எத்தனை மணிக்கு வயிறு கலங்கியது என்றும் எழுதுங்கள். நெதர்லாந்தில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமைதான் காரணம் என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். 1944-45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல்போய் மற்றவர்கள் வாடியபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறியதைக் கண்டார். 1950-இல் அவருடைய ஆய்வேடு வந்தது. எது இல்லாதபோது உடம்பு தேறுகிறது என்று பார்த்த கண்தான் அது. நீங்களும் இரண்டு மூன்று மாதவிடாய்க்குப் பெருங்காயத்தை மட்டும் விட்டுப் பாருங்கள். உப்புசம் வந்து மூன்றாம் நாள் அடங்கினால் அது மாதவிடாயுடையது. பழையபடியே எட்டு நாள் நீண்டால், மலம் கழிக்கும்போது வலித்தால், மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். கருப்பையின் உட்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸும் இப்படித்தான் வயிற்றைக் காட்டும். சீலியாக்குக்காக முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையையும் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பாலை இப்போது நிறுத்தாதீர்கள். குடல் ஆறும்வரை சிலருக்குப் பால் சேராது என்பது உண்மைதான், ஆனால் இரண்டை ஒன்றாக நிறுத்தினால் எதனால் குணமானது என்று தெரியாது. சித்த மருந்தானாலும் எந்த மருந்தானாலும் உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் வாயில் போடவேண்டாம். அடுக்களைப் பெண்களைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். அவரைக் குற்றம் சாட்டும் குரலில் சொல்லிவிடாதீர்கள். மூன்று வேளையும் நினைவாக மோர் கடைந்து கொண்டுவருகிற கை அது. டப்பாவைக் கையில் கொடுத்து, ‘அத்தை, இதில் மைதா இருக்கிறதாம், எனக்கு ஆகாது’ என்று சொன்னால் போதும். சுக்கும் சீரகமும் தட்டிக் கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்துத் தரச் சொல்லுங்கள். அம்மாவிடம் இதைச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் மற்றவர்களுக்குப் பெருங்காயம் வேண்டுமென்றால் கோட்டாறு கடைத்தெருவில் மாவு சேராத பால் பெருங்காயம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். ஆனால் பழைய டப்பாவில் அதைப் போட்டுவைக்காதீர்கள். பெருங்காயம் இருந்த பாண்டம் வாசனையோடு மைதாவையும் வைத்திருக்கும்.

அந்த டப்பாவின் பின்பக்கத்தை இன்றே படமெடுத்து அனுப்புங்கள். எழுத்து மிகவும் பொடியாக இருக்கும். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறாள்.