தங்கச்சி ஏன் வாடகை வீட்டில் இருக்கிறாள்?

கேள்வி: நான் மட்டக்களப்பு, கல்லடியைச் சேர்ந்தவள். கல்யாணம் முடித்து லண்டன் வந்து முப்பது வருடமாகிறது. நானும் கணவரும் இரவு பகலாக வேலை செய்து, இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் இரண்டாவதாக ஒரு சின்ன வீடு வாங்கினோம். விடுமுறைக்குப் போவோம், மற்ற நேரம் பூட்டியிருக்கும். 2025 ஏப்ரல் முதல் அதற்குக் கவுன்சில் வரியை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். குப்பைகூட அதிகம் போடாத வீட்டுக்கு இது என்ன நியாயம்? கல்லடியில் எனக்குச் சீதனமாகத் தந்த வீடும் பூட்டித்தான் இருக்கிறது. தங்கச்சி பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தாலும் கிழமைக்கு ஒருக்கா வந்து கூட்டி, யன்னல்களைத் திறந்துவிட்டுப் போவாள். சபை வரியையும் கட்டி ரசீதைப் படம் எடுத்து அனுப்புவாள். அம்மாவும் அவளோடுதான். அவளுடைய மகளுக்குக் கல்யாணப் பேச்சு ஒன்றும் சரிவரவில்லையாம், பாவம். இலங்கையிலும் வெறும் வீடுகளுக்கு வரி வரப்போகிறது என்கிறார்கள். கல்லடி வீட்டை அம்மா பெயருக்கும், கடற்கரை வீட்டை மகன் பெயருக்கும் மாற்றினால் தப்பலாமா? கணவர் யாரையும் குடியிருத்த வேண்டாம், பத்து வருடம் இருந்துவிட்டால் வீடு தங்களுடையது என்று ஆட்சியுரிமை கேட்பார்கள் என்கிறார்.
ஒரு வாசகி, லண்டன்

பதில்:

மகள், வரிக்கணக்கைப் பிறகு பார்ப்போம். தங்கச்சி வாடகைக்கு இருக்கிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

உங்கள் வீட்டில் ஆள் இல்லை. உங்கள் கூடப்பிறந்தவள் யாரோ ஒருவருக்கு மாதாமாதம் வாடகை கொடுத்துக்கொண்டு, கிழமைக்கு ஒருக்கா உங்கள் வீட்டைக் கூட்ட வருகிறாள். சாவி அவள் கையில்தான் இருக்கிறது. திறந்து, தூசி தட்டி, மறுபடி பூட்டிவிட்டு வாடகை வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். உங்களுக்கு அந்த வீட்டைக் கட்டித் தந்த தாயும் வயதுபோன காலத்தில் அதே வாடகை வீட்டில். இதில் உங்களை உறுத்தியது இங்கிலாந்துக் கவுன்சிலின் பில் மட்டும்தானா?

இப்படிக் கடிதங்கள் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எல்லோரும் சட்டம் கேட்கிறார்கள். அந்தப் பூட்டிய வீட்டைக் கூட்டுவது யார் என்று தேடினால், அநேகமாக ஒரு தங்கச்சி, ஒரு மச்சாள், ஒரு கிழவி.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவிலோ பக்கத்திலோ இன்னொன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அது பிறகு அடுத்தவளுக்குப் போகும். அக்காவும் தங்கச்சியும் ஒருத்திக்கு ஒருத்தி கூப்பிடு தூரத்தில் வாழவேண்டும், கடைசிக் காலத்தில் தாய் ஒரு மகளின் வீட்டில் உரிமையோடு இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் எங்கள் பெரியவர்கள் இப்படி ஒழுங்கு செய்தார்கள். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன். போர்க்காலத்தில் வெளிநாடு போனவர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நீங்கள் போனதிலும் குற்றம் இல்லை. ஆனால் இரண்டாவது மகளுக்கு ஏன் வீடு அமையவில்லை என்று இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. காரணம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

தங்கச்சி மகளின் கல்யாணப் பேச்சு சரிவரவில்லை என்று பாவப்படுகிறீர்கள். கல்லடியில் பிறந்த உங்களுக்கு அதன் காரணத்தை நான் சொல்லவேண்டுமா? மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்பது வீடு எங்கே என்றுதான். அந்தக் கேள்வியே ஒழியவேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. அது ஒழியும்வரை அந்தப் பிள்ளை காத்திருக்க வேண்டுமா, பக்கத்துத் தெருவில் பெரியம்மாவின் வீடு பூட்டிக் கிடக்கும்போது?

சரி, இனி வரி. அநியாயம் என்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இங்கிலாந்தில் 2023-இல் வந்த சட்டம் கவுன்சில்களுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. தளபாடம் போட்டு, ஒருவருக்கும் பிரதான இருப்பிடமாக இல்லாத இரண்டாவது வீட்டுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 100 வீதம் வரை மேலதிக வரி போடலாம். தளபாடமும் இல்லாமல், ஆளும் இல்லாமல் கிடக்கும் வீடு என்றால் ஒரு வருடத்தோடு அந்த 100 வீதம் வரும். ஐந்து வருடம் தாண்டினால் 200, பத்து வருடம் தாண்டினால் 300 வீதம் வரை போகலாம். வேல்சில் இரண்டாவது வீட்டுக்கே 300 வீதம் வரை போட இடம் இருக்கிறது. அங்குள்ள குவினெத் கவுன்சில் 2023-இல் அதை 150 வீதம் ஆக்கியது. ரொறன்ரோவில் வெறும் வீட்டுக்கு 2024-ஆம் வரியாண்டிலிருந்து மதிப்பிட்ட பெறுமதியில் 3 வீதம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? வெளியூர்க்காரர் விடுமுறைக்கென்று வீடுகளை வாங்கி விலையை ஏற்றிவிட, அந்தக் கடற்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கே ஒரு வீடு எட்டாமல் போகிறது. பனிக்காலத்தில் தெருத்தெருவாக வெளிச்சம் இல்லாத வீடுகள். நீங்கள் குப்பைக் கணக்குச் சொல்கிறீர்கள். ஒரு குடும்பம் இருக்கக்கூடிய வீட்டை வருடத்தில் பெரும்பகுதி மூடி வைப்பதற்குத்தான் இந்த மேலதிக வரி. அந்த ஊரிலும் யாரோ ஒருவருடைய தங்கச்சி வாடகைக்கு அலைகிறாள், அவளுக்காகத்தான் அந்தக் கவுன்சில் உங்களிடம் கேட்கிறது.

மகனின் பெயருக்கு மாற்றி ஒன்றும் ஆகாது. அந்த வீட்டில் ஒருவர் உண்மையில் குடியிருக்கிறாரா என்பதைத்தான் பார்ப்பார்கள். மகன் அங்கேயே போய்த் தன் வீடாக வாழ்ந்தால் மேலதிக வரி விழாது. பெயர் மட்டும் மாறி, அவன் உங்களோடு லண்டனில் இருந்தால் பில் அப்படியேதான் வரும். பொய்த் தகவல் கொடுத்தால் தண்டப்பணம் வேறு. பெற்ற பிள்ளையை இதில் மாட்டிவிடாதீர்கள். விற்பதற்கோ வாடகைக்கு விடுவதற்கோ நியாயமான விலையில் விளம்பரம் செய்திருந்தால் 12 மாதம் வரை விலக்கு உண்டு. நேரான வழி அதுதான்.

கல்லடி வீட்டுக்கு மாநகர சபை எடுப்பது வழமையான சோலை வரி. ஆண்டுப் பெறுமதியைக் கணித்து அதில் ஒரு வீதம், காலாண்டுக்குக் காலாண்டு கட்டலாம். நீங்கள் கேள்விப்பட்டது வேறு கதை. சொந்த வீட்டுக்கும் வெறும் வீட்டுக்கும் வாடகை வருவதாகக் கணக்கிட்டு வருமான வரி போடும் யோசனை, பன்னாட்டு நாணய நிதியத்தோடு செய்த ஏற்பாட்டில் 2024-இல் வெளியில் வந்தது. ஒருவர் குடியிருக்கும் முதல் வீட்டுக்கு அது இல்லை என்று அப்போதைய அரசாங்கம் சொன்னது. 2025 ஏப்ரலில் தொடங்குவதாக இருந்தது, தொடங்கவில்லை. நாளைக்கு எந்த உருவத்தில் வந்தாலும், ஆள் இருக்கிற வீட்டைவிட ஆளில்லாத வீட்டில்தான் முதலில் கை வைப்பார்கள்.

அதற்காக அம்மாவின் பெயரையா தேடுகிறீர்கள்? அந்த வீட்டில் படுக்க அம்மாவுக்கு ஒரு அறை கொடுக்கவில்லை, வரிக்கு மறைய மட்டும் அவருடைய பெயர் வேண்டுமா? இதை எழுதும்போது உங்களுக்குக் கை கூசியிருக்க வேண்டும்.

கணவரின் பயத்துக்கு வருகிறேன். 1871-ஆம் ஆண்டு முதல் இருக்கிற ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, சொந்தக்காரருக்கு எதிராக, இடையூறு இல்லாமல் பத்து வருடம் ஆண்டவர் உரிமை கேட்கலாம் என்பது உண்மை. உங்கள் சம்மதத்தோடு குடியிருப்பவர் வருடங்களை மட்டும் எண்ணிக் காட்டி அப்படிக் கேட்க முடியாது. அனுமதியின்பேரில்தான் இருக்கிறார் என்று நொத்தாரிசிடம் ஒரு உடன்படிக்கை எழுதிவைத்தால் உங்கள் கணவர் நிம்மதியாகத் தூங்கலாம். வேலியை நகர்த்துகிறவனும் வளவுக்குள் கொட்டில் போடுகிறவனும் தேடி வருவது ஆளில்லாத வளவைத்தான். மாரி மழையில் கிணற்றடியிலும் பீலியிலும் நுளம்பு பெருகி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டால் பதில் சொல்லி நிற்கப்போவதும் தங்கச்சிதான்.

இன்னொன்று. யாரையும் குடியிருத்த வேண்டாம் என்று அவர் சொன்னதில் தங்கச்சியும் அம்மாவும் சேர்த்தியா என்று கேளுங்கள். அவர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். வீடு உங்கள் தாய் உங்களுக்குத் தந்தது, உறுதி உங்கள் பெயரில். இதில் முடிவு சொல்ல வேண்டியவர் நீங்கள்.

தங்கச்சியின் அடுத்த மாத வாடகைக்கு முன்னால் அம்மாவையும் அவளையும் பிள்ளையையும் அந்த வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். உதவி கேட்கிற குரலில் சொல்லாதீர்கள், உதவி செய்கிற குரலிலும் வேண்டாம். இவ்வளவு காலம் இதை யோசிக்காமல் இருந்துவிட்டேன் என்று அவளிடம் நேராகச் சொல்லுங்கள். பிறகு அந்த வீட்டைத் தங்கச்சியின் மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதுங்கள். எனக்கு இதில் இரண்டு எண்ணம் இல்லை. உங்களுக்கு லண்டனில் இருக்க ஒரு வீடு, விடுமுறைக்கு இன்னொரு வீடு. அந்தக் குடும்பத்துக்கு ஒன்றுமே இல்லை. இதற்காகப் பயணம் வரவேண்டியதும் இல்லை. லண்டனில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் அற்றோணித் தத்துவத்தில், அதாவது உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்திட்டு அனுப்பினால் இங்கே மற்ற வேலையைப் பார்ப்பார்கள்.

கடற்கரை வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுங்கள், முடியாவிட்டால் விற்றுவிடுங்கள். இரண்டும் வேண்டாம் என்றால் இரட்டை வரியை முணுமுணுக்காமல் கட்டுங்கள்.

உறுதி எழுதி முடியும்வரை கல்லடிச் சோலை வரி உங்கள் பொறுப்பு, தங்கச்சியின் கையிலிருந்து போகக்கூடாது. முழு வருடத்துக்கும் ஜனவரி 31-க்கு முன்பு கட்டினால் பத்து வீதம் கழிப்பார்கள். காசை டிசம்பரிலேயே அனுப்பிவிடுங்கள்.