63 விருப்பு வாக்கில் தோல்வி: "ஏற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஐயா, பாராளுமன்றத் தேர்தலில் மலையக மாவட்டமொன்றில் போட்டியிட்டேன். எங்கள் தொழிற்சங்கம் தனிச் சின்னத்தில் கேட்கவில்லை. பெரிய கட்சியொன்றின் சின்னத்தில்தான் நின்றோம். அந்தக் கட்சிக்கு மாவட்டத்தில் 2 ஆசனம் கிடைத்தது. விருப்பு வாக்கில், அதாவது கட்சிப் பட்டியலுக்குள் வேட்பாளருக்கென்று விழும் வாக்கில், நான் மூன்றாவது. இரண்டாவதாக வந்தவரும் எங்கள் சங்கத்துக்காரர்தான், என்னைவிட 63 வாக்கு அதிகம். ஒரு வாக்கெண்ணும் மண்டபத்தில் எனக்கு 1,381 என்று எங்கள் முகவர் குறித்து வைத்திருக்கிறார். மொத்தக் கணக்கில் 1,318 என்றுதான் சேர்ந்திருக்கிறது. இப்போது சங்கத்தில் ஒரு கடிதத்தை நீட்டி, "பெறுபேற்றை ஏற்கிறேன், வழக்குக்குப் போகமாட்டேன்" என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் தேசியப் பட்டியலில் (கட்சி நியமிக்கும்) ஆசனம், போடாவிட்டால் கட்சியிலிருந்து நீக்கம். "கேஸ் போட்டா நம்ம ஜனங்களோட ஸீட்டே போயிரும்" என்று தோட்டத் தலைவர்மார் வீட்டுக்கே வந்து சொல்கிறார்கள். பெறுபேறு அறிவித்து நான்கு நாளாகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அந்தக் கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நாட்காட்டியை எடுங்கள். தேர்தல் மனு போட உங்களுக்கு 21 நாள்தான். பெறுபேறு வர்த்தமானியில் வெளியான திகதியிலிருந்து எண்ண வேண்டும், மண்டபத்தில் பெயர் வாசித்த இரவிலிருந்து அல்ல. ஞாயிறும் போயாவும் இந்த 21க்குள் அடக்கம். போட வேண்டிய இடம் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம். அரசியலமைப்பின் 144ஆவது உறுப்புரை அந்த நியாயாதிக்கத்தை அங்கேதான் கொடுத்திருக்கிறது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள நீதிமன்றத்தில் இதைப் பதிய முடியாது. காலம் தவறிப் போனால் உங்கள் கையிலுள்ள தாள் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் மனு வாசலிலேயே விழும். "மேலிடத்தில பேசியிருக்கு, அடுத்த கிழமை கொழும்புக்குப் போவோம்" என்று யாராவது சொன்னால், அதில் ஒரு கிழமை போகிறது என்று கணக்கு வையுங்கள். கையெழுத்து கிடைக்காவிட்டாலும் அவர்களுக்கு மூன்று கிழமை கடந்தால் போதும்.

தோல்வியை ஒப்புக்கொள்வது என்ற ஒன்று நம் தேர்தல் சட்டத்தில் கிடையாது. வென்றவர் யார் என்பதைத் தெரிவத்தாட்சி அலுவலரின் பிரகடனமும் வர்த்தமானியும் சொல்கின்றன, நீங்கள் சொல்வதில்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் அல் கோர், புஷ்ஷுக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரமளவில் திரும்ப அழைத்து அதை வாபஸ் வாங்கினார். அதற்குப் பிறகும் புளோரிடா வழக்கு ஒரு மாதத்துக்கு மேல் நடந்து 537 வாக்கில் முடிந்தது. வாழ்த்தியது ஒரு தடையாக இருக்கவில்லை. ஆகவே வென்றவருக்குக் கைகொடுத்திருந்தால், முகநூலில் மாலை போட்ட படம் வந்திருந்தால், அதை நினைத்துக் கலங்க வேண்டாம்.

கடிதம் அப்படியல்ல. வழக்குப் போகமாட்டேன் என்ற வரியைவிட, அதற்கு மேலே சாதுவாக ஒரு வரி எழுதியிருப்பார்கள்: "வாக்கெண்ணல் முறையாக நடந்ததென்பதில் திருப்தியடைகிறேன்." நாளை நீங்கள் நீதிமன்றத்தில் எண்ணிக்கை பிழை என்று சத்தியக்கடதாசி கொடுக்கும்போது, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். ஜே.பி. (சமாதான நீதவான்) ஒருவர் முன்னால் சத்தியம் செய்து போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். உங்கள் இரண்டு சத்தியங்களில் ஒன்று பொய் என்றாகிவிடும். தோட்டப்பக்கம் ஜே.பி.மார் பலர் சங்கத்தின் ஆட்களாகவே இருப்பதால், "சும்மா சாட்சிக்கு" என்று அவர் முன்னால் உட்கார வைப்பது லேசான காரியம். உட்காராதீர்கள். மறுத்துச் சண்டை போடவும் வேண்டாம். "என் சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுத் தருகிறேன்" என்று பிரதியைக் கேளுங்கள். பெரும்பாலும் பிரதி தரமாட்டார்கள்.

இனி அந்த 63. கணக்குப் பிள்ளைமாருக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு: ஓர் எண்ணில் இரண்டு இலக்கம் இடம்மாறினால் வரும் வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபடும். 1,381 - 1,318 = 63, அதாவது ஏழு ஒன்பது. 8ஐயும் 1ஐயும் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு இது நல்ல அடையாளம், ஆனால் சாட்சியம் அல்ல. மாற்றி எழுதியது உங்கள் முகவராகவும் இருக்கலாம். எது சரி என்று பார்க்க ஒரு வழி: அதே மண்டபத்தில் உங்கள் கட்சிப் பட்டியலிலுள்ள எல்லா வேட்பாளரின் விருப்பு வாக்குகளையும் கூட்டுங்கள். பட்டியலில் மாவட்ட ஆசன எண்ணிக்கையோடு மூன்று பேர் கூட இருப்பார்கள். நுவரெலியா என்றால் 8 ஆசனத்துக்கு 11 பேர். மண்டபத்தின் விருப்பு வாக்கு மொத்தம் தனியாகக் குறிக்கப்பட்டிருந்து, உங்களுக்கு 1,381 வைத்தால் கூட்டல் பொருந்தி 1,318 வைத்தால் 63 குறைந்தால், உங்கள் வழக்குக்கு எலும்பு கிடைத்துவிட்டது. பொருந்தாவிட்டால் கொழும்புக்கு பஸ் காசை மிச்சம் பிடியுங்கள்.

இன்னொன்றையும் நிதானமாகப் பாருங்கள். 63 சரியாகத் திரும்பக் கிடைத்தால் நீங்கள் வெல்வதில்லை, இருவரும் சமம். சமமானால் திருவுளச்சீட்டு. ஆகவே மனு இந்த ஒரு தாளில் மட்டும் நிற்கக் கூடாது. விருப்பு வாக்கு நிராகரிக்கப்பட்ட சீட்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்சிக்குப் புள்ளடி போட்டு, விருப்பிலக்கம் மூன்றுக்கு மேல் அடையாளமிட்டிருந்தால் கட்சி வாக்கு செல்லும், விருப்பு வாக்கு ஒன்றும் செல்லாது. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டிருந்தால் முழுச் சீட்டும் வீண். மூன்று அடையாளமும் ஓர் அழுக்குப் புள்ளியும் இருந்த சீட்டை நான்கு என்று எண்ணித் தள்ளினார்களா என்பது போன்ற கேள்வி அங்கேதான் கிளம்பும். எந்த மண்டபத்தில், எத்தனை சீட்டு, யார் ஆட்சேபித்தார் என்று உங்கள் ஆட்கள் சொல்ல முடியுமா? "வித்தியாசம் குறைவு, அதனால் திரும்ப எண்ணுங்கள்" என்று கேட்டால் நீதிமன்றம் பெட்டியைத் திறக்காது. பெட்டியைத் திறந்த பிறகு காரணம் தேடும் மனுக்களை நீதிபதிகள் விரும்புவதில்லை.

மண்டபத்திலேயே திரும்ப எண்ணக் கேட்டிருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கேட்டிருக்கலாம், ஆனால் பிரதம வாக்கெண்ணும் அலுவலர் எண்ணிக்கைக் கூற்றில் கையெழுத்திடுமுன். பட்டியல் முறையில் வாக்கெண்ணும் முகவர் கட்சியின் பெயரில் போகிறவர், தனி வேட்பாளரின் ஆள் அல்ல. ஒரே கட்சிக்குள் இருவர் மோதும்போது, பக்கத்தில் நிற்கும் முகவர் யாருக்கு விசுவாசி என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உங்களுக்கு அப்படி ஒருவர் இருந்து தாளும் வைத்திருப்பது அபூர்வம். அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு மனுக் கொடுத்தால் திருத்துவார்கள் என்று நம்பி நாளைக் கடத்தாதீர்கள். 2010 பொதுத்தேர்தலில் நாவலப்பிட்டியில் பல வாக்களிப்பு நிலையங்களின் வாக்கெடுப்பை ஆணையாளர் ரத்துச் செய்து ஏப்ரல் 20இல் மறுவாக்கெடுப்பு நடத்தினார் என்பது உண்மை. அது வாக்களிப்பு கெட்டதற்கான பரிகாரம், அதுவும் பெறுபேறு முடிவாகுமுன். உங்களுடையது பிரகடனம் ஆன கணக்கு. தகவலறியும் உரிமைச் சட்டத்தில் தாளைக் கேட்கலாம்தான், ஆனால் பதில் தர அவர்களுக்கு 14 வேலைநாள் உண்டு. வேலைநாளை நாட்காட்டியில் போட்டுப் பார்த்தால் உங்கள் 21 நாளும் கிட்டத்தட்ட அதிலேயே கரைந்துவிடும். தேர்தல் சட்டம் இரகசியம் என்று சொல்லும் தகவலுக்கு அதில் விலக்கும் இருக்கிறது. விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள், அதற்காகக் காத்திருக்காதீர்கள். ரிட் மனுவும் (அதிகாரியின் முடிவை ரத்தாக்கக் கேட்கும் மனு) அப்படித்தான். தேர்தல் மனு என்ற தனி வழி இருக்கும்போது நீதிமன்றம் பெரும்பாலும் அந்த வழியைத்தான் காட்டும்.

"நம்ம ஜனங்களோட ஸீட் போயிரும்" என்பதற்கு வருகிறேன். உங்கள் மனத்தை அதிகம் அழுத்துவது இதுதான் என்று தெரிகிறது. ஆசனம் கட்சி வாக்கில் தீர்மானமாகிறது. விருப்பு வாக்கு, அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதை மட்டும் சொல்கிறது. மனுவில் கேட்கும் நிவாரணத்தைக் குறுக்கி, இன்னாருடைய தெரிவு முறையற்றது, நானே தெரிவாகியிருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டால், கட்சியின் இரண்டு ஆசனமும் இரண்டாகவே இருக்கும். இருவரும் தோட்டத்துப் பிள்ளைகள்தானே, யார் போனாலும் லயத்துப் பிரதிநிதிதான். ஆத்திரத்தில் "முழு மாவட்டத் தேர்தலையும் ரத்துச் செய்க" என்று ஒரு பந்தியைச் சேர்த்தால்தான் தலைவர்மார் சொல்வது உண்மையாகும். உங்கள் சட்டத்தரணி அப்படி எழுதினால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

தேசியப் பட்டியல் வாக்குறுதியை யார் தருகிறார் என்று பாருங்கள். 29 தேசியப் பட்டியல் ஆசனங்கள் 99அ உறுப்புரையின் கீழ் வருபவை. மாவட்ட வேட்புமனுவில் பெயர் இருந்து தோற்றவரையும் நியமிக்கலாம், அது சட்டப்படி சரி. ஆனால் பெயரை அனுப்புகிறவர் நீங்கள் நின்ற சின்னத்துக்குரிய கட்சியின் செயலாளர். உங்கள் சங்கத் தலைவர் அல்ல. இல்லாத சாவியை எப்படித் தருவார்? ஒரு கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று உறுப்புரை சொன்னாலும், ஐக்கிய தேசியக் கட்சி 2020 ஓகஸ்டில் பெற்ற ஒரே ஆசனத்தை 2021 ஜூன் வரை நிரப்பாமலே வைத்திருந்தது. ஆக, "கொஞ்சம் பொறுங்க" என்ற பேச்சுக்கு முடிவே இல்லை. வாக்குறுதியை அந்தச் செயலாளரின் கையெழுத்தோடு எழுத்தில் கேளுங்கள். கிடைத்தாலும் அதைக் காட்டி நீதிமன்றத்தில் ஆசனம் வாங்க முடியாது, ஆனால் யார் பொய் சொல்கிறார் என்பது அன்றே தெரிந்துவிடும்.

நீக்கம் என்ற மிரட்டலும் இதே கதை. சங்கம் உங்களைச் சங்கத்திலிருந்து நீக்கலாம், மாவட்டப் பிரதிநிதிப் பதவியையும் வாகனத்தையும் பறிக்கலாம். கட்சியிலிருந்து நீக்க அந்தக் கட்சியின் யாப்புப்படி குற்றப்பத்திரமும் விசாரணையும் வேண்டும். இதில் உங்களுக்கு ஒரு சொத்து இருக்கிறது, அதைக் கோபத்தில் தொலைத்துவிடாதீர்கள். 99(13) உறுப்புரைப்படி உறுப்பினர் ஒருவரின் ஆசனம் வெறுமையானால், அதே கட்சியில் அடுத்த கூடிய விருப்பு வாக்குப் பெற்றவர் தெரிவானதாக அறிவிக்கப்படுவார். 2023 ஒக்டோபரில் பாராளுமன்ற உறுப்பினர் நசீர் அஹமட் தன் கட்சியிலிருந்து நீக்கப்பட்டது செல்லும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மட்டக்களப்பில் அடுத்த இடத்திலிருந்த அலி சாஹிர் மௌலானா அப்படித்தான் பாராளுமன்றம் போனார். உங்கள் மாவட்டத்தில் அந்த அடுத்த ஆள் நீங்கள். அதனால் இராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள், திகதி போடாத கடிதத்தில் கையெழுத்தே வைக்காதீர்கள், வேறு கட்சி மேடையில் ஏறாதீர்கள். குற்றப்பத்திரம் வந்தால் பதிவுத் தபாலில் பதில் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்து பேசுவது வேறு, "பிள்ளைக்கு வேலை இருக்காது, பாதையில் பார்த்துக்கொள்கிறோம்" என்பது வேறு. பின்னது தண்டனைச் சட்டக்கோவையின் 483, 486ஆம் பிரிவுகளில் வரும் குற்றமுறை அச்சுறுத்தல். பொலிஸில் முறைப்பாடு போட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள். குரல் பதிவு வந்திருந்தால் வந்த தொலைபேசியிலேயே இருக்கட்டும். வேறொருவருக்கு அனுப்பி அவரிடமிருந்து திரும்ப எடுத்த பிரதிக்கு மதிப்புக் குறைவு.

இன்னொரு 21 நாளும் ஓடுகிறது, தோற்றவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 2023இன் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, வென்றாலும் தோற்றாலும் நன்கொடை, செலவு அறிக்கையைப் பெறுபேறு வெளியாகி 21 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஆசனம் எனக்கே என்று மனுப் போடுகிறவர்மீது எதிர்த்தரப்பும் குற்றம் சாட்டலாம் என்பதால், மேடை, வான், சுவரொட்டி எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டோடு அறிக்கையை முதலில் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

மனு கொடுக்கும்போது செலவுக்கான பிணைப்பணம் கட்ட வேண்டும், எதிர்மனுதாரர் எல்லோரையும் சேர்க்க வேண்டும், முக்கிய நிகழ்வுகளைச் சுருக்கமாகவும் குறிப்பாகவும் எழுத வேண்டும். தேர்தல் மனுக்கள் இந்த மூன்றிலும்தான் அதிகம் சாகின்றன. உள்ளூரில் காணி வழக்குப் பேசும் நண்பரிடம் இதைக் கொடுக்காதீர்கள், தேர்தல் மனு நடத்தியவரைப் பிடியுங்கள். போட்ட பிறகு சமரசம் வந்தாலும் நீதிமன்ற அனுமதியின்றி வாபஸ் வாங்க முடியாது என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

கூட்டல் பொருந்தி, முகவர் சத்தியக்கடதாசி கொடுக்கத் தயாராக இருந்தால் நான் மனுவைப் போடச் சொல்வேன். அவர் பின்வாங்கினால், அல்லது தாளில் மண்டப இலக்கம் இல்லாவிட்டால் போடச் சொல்லமாட்டேன். கையெழுத்தும் போடாமல் மூன்றாவது இடத்தில் சும்மா இருங்கள், அதுவே உங்களுக்கு நல்லது. இன்றைக்குச் செய்ய வேண்டியது முகவரின் மூலத்தாளை வாங்குவது. எழுதியபடியே இருக்கட்டும், மங்கிய இலக்கத்தின் மேல் பேனையால் எழுதாதீர்கள், லமினேட் பண்ணாதீர்கள். இரண்டு பக்கமும் படமெடுத்து, தாளை உறையில் போட்டு, உறையின் மேல் வாங்கிய திகதியையும் நேரத்தையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். வர்த்தமானி வந்து ஏழு நாளுக்குள் அந்த உறையோடு கொழும்பில் இருக்க வேண்டும்.