மிக்-21 கிட் வாங்கும் முன்: பெட்டியை விடுங்கள், மோல்டைப் பாருங்கள்

கேள்வி: 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விமானப்படை மிக்-21-க்கு விடைகொடுத்ததை டிவியில் பார்த்ததிலிருந்து, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் அதன் பிளாஸ்டிக் மாடல் கிட் கேட்கிறான். இங்கே கடைகளில் இல்லை. ஆன்லைனில் ஒருவர் "1/72 அளவு, தயாரிப்பு நின்றுபோன அரிய கிட், சீல் பிரிக்காதது" என்று 3,200 ரூபாய் சொல்கிறார். பாதியை முன்பணமாகக் கேட்கிறார். தரமானதுதானா என்று வாங்கும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, பாலக்கோடு

பதில்: முதலில், முன்பணம் அனுப்பாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அவர் சொன்னதில் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 1/72 என்பது அளவு. மிக்-21-ன் நிஜ இறக்கை முனைக்கு முனை 7.15 மீட்டர், அந்த அளவில் உங்கள் மகன் கைக்கு வருவது பத்து சென்டிமீட்டர். தயாரிப்பு நின்றது, கிட் மோசமாக இருந்ததாலும் இருக்கலாம். சீல் என்பது ஒரு சுருள் பிளாஸ்டிக் தாளும் சூடான காற்றும். யார் வேண்டுமானாலும் மறுபடி போடலாம். நானே இப்படி 'சீல் பிரிக்காத' டாங்கி ஒன்றை வாங்கி, சங்கிலிப் பட்டை இல்லாமல் இன்றுவரை அலமாரியில் வைத்திருக்கிறேன். விற்றவர் போனை எடுப்பதில்லை.

ஓசூரில் டூல் ரூமில் மோல்டு, அதாவது பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்திப் பாகங்களை வார்க்கும் எஃகு அச்சு, செய்வது என் பிழைப்பு. அதனால் சொல்கிறேன்: கிட்டின் தரம் என்பது பெரும்பாலும் மோல்டின் தரம்தான். பெட்டியின் மேல் அச்சிட்ட ஆண்டைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அது பெட்டிக்கு ஆன வயது. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை 1/72-ல் 1958, 1980, 2013 என்று மூன்று முறை புது மோல்டில் செய்தது. பெயர் ஒன்று, அளவு ஒன்று, உள்ளே இருப்பது மூன்று வேறு கிட்கள். பழைய மோல்டுகளை அந்த நிறுவனமே 'விண்டேஜ் கிளாசிக்ஸ்' என்று நேர்மையாகப் பெயரிட்டு விற்கிறது. இடைத்தரகர்தான் அதைச் சொல்லாமல் விற்பார். 'ஸ்கேல்மேட்ஸ்' இணையதளத்தில் கிட்டின் பெயரையும் பெட்டி எண்ணையும் போட்டுப் பாருங்கள்; எந்த ஆண்டு மோல்டு, எத்தனை முறை பெட்டி மாறியது என்று வரிசையாகக் காட்டும். பையனிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவான்.

அடுத்து, பாகங்கள் தொங்கிக்கொண்டிருக்கும் சட்டத்தை, அதாவது ஸ்ப்ரூவை, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாம்பழ மண்டியில் மேலடுக்கை மட்டும் பார்த்துப் பெட்டியைத் தூக்கி வர மாட்டீர்கள் அல்லவா.

அந்தப் படத்தில், விமானத்தின் உடம்பில் ஓடும் தகட்டுக் கோடுகள் மேடாக இருக்கின்றனவா, பள்ளமாக இருக்கின்றனவா? மோல்டில் எல்லாம் தலைகீழ். எஃகில் ஒரு கோட்டைக் கீறுவது சுலபம். கீறினால் பிளாஸ்டிக்கில் அது மேடாக வரும். பிளாஸ்டிக்கில் பள்ளம் வேண்டுமென்றால், எஃகில் அந்தக் கோட்டை மட்டும் மேடாக விட்டுச் சுற்றிலும் உள்ளதை எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது பெரும்பாடு. பிறகு மின்பொறியால் அரிக்கும் இயந்திரங்கள் வந்து எளிதாக்கின. ஆக, மேட்டுக் கோடு என்றால் பெரும்பாலும் பழைய மோல்டு. அது பையனுக்கு ஏன் முக்கியம் என்றால், ஒட்டிய இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது மேட்டுக் கோடு அழிந்துவிடும்.

ஓரங்களில் வெங்காயச் சருகு போல மெல்லிய பிளாஸ்டிக் நீட்டிக்கொண்டிருந்தால், மோல்டின் இரண்டு பாதிகளும் தேய்ந்து, சரியாகக் கவ்வவில்லை என்று அர்த்தம். நாங்கள் பிளாஷ் என்போம். தடித்த பாகத்தில் குழி விழுந்திருந்தால் ஆறும்போது சுருங்கியிருக்கிறது. இரண்டும் எல்லா இடத்திலும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பழைய மோல்டு எல்லாமே குப்பையா என்றால், ஒன்றை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. மோனோகிராம் என்ற அமெரிக்க கிட் நிறுவனம் 1975-ல் 1/48-ல் கொண்டுவந்த பி-17 குண்டுவீச்சு விமானம். முழுக்க மேட்டுக் கோடுதான். ஆனால் உருவம் சரியாக இருக்கும், விமானியின் அறைக்குள் அவ்வளவு விவரம் இருக்கும். கோடு அழிந்தால் அழியட்டும், ஊசியால் பள்ளமாகக் கீறிக்கொள்ளலாம், நான் கீறியிருக்கிறேன். பின்னாளில் ரெவெல் என்ற நிறுவனத்தின் பெட்டியிலும் வந்தது. எங்கே கிடைத்தாலும் வாங்குவேன். சரி, உங்களுக்கு வேண்டியது மிக்.

இத்தனை இடைத்தரகர்கள் எங்கிருந்து முளைத்தார்கள் என்று கேட்காதீர்கள். பொம்மைக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. சுங்கப் பட்டியலில் பொம்மைக்கும் அளவு மாடலுக்கும் ஒரே தலைப்பு, 9503. நரைத்த தலையோடு இருநூறு பாகத்தை இடுக்கியால் பிடித்து ஒட்டுகிறவனும் கிலுகிலுப்பை ஆட்டுகிற குழந்தையும் அவர்களுக்கு ஒன்று. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேறு. முறையாக இறக்குமதி செய்ய நினைக்கும் கடைக்காரர் களைத்துப்போகிறார், சூட்கேஸில் கொண்டுவருகிறவர் விலை வைக்கிறார்.

உங்கள் ஆளிடம் மூன்று படம் கேளுங்கள்: ஸ்ப்ரூ, விமானி அறையை மூடும் கண்ணாடிக் கூடு, டெக்கால் தாள் (விமானத்தின் மேல் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்). கூட்டில் கீறலோ வெடிப்போ கூடாது. டெக்கால் மஞ்சளடித்திருக்கக் கூடாது, அதில் இந்திய விமானப்படையின் மூவர்ண வட்டம் இருக்க வேண்டும். பல மிக் பெட்டிகளில் ரஷ்யச் சிவப்பு நட்சத்திரம் மட்டுமே இருக்கும். தம்பி அதைப் பார்த்து முகம் சுருங்கிவிடுவான். படம் தர மறுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெங்களூரில் மாடல் கிட் கடைகள் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு போய், கடைக்காரர் முன்னாலேயே பெட்டியைத் திறந்து, கையேட்டில் உள்ள பாகப் படத்தோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பஸ் காசு 3,200-ஐ விடக் குறைவு.