டெலி லென்ஸும் கன்வெர்ட்டரும்: அரிட்டாபட்டி முதல் கடவூர் வரை கேள்வி பதில்

மதுரையைச் சுற்றிக் காட்டுயிர்களைப் படமெடுக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். கன்வெர்ட்டர் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டி, உருவத்தை 1.4 அல்லது 2 மடங்கு பெரிதாக்கும் துணைக்கருவி.

மேலூரிலிருந்து: அண்ணே, என்கிட்ட 150-600 எஃப்/6.3 ஜூம் இருக்கு, 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃபிரேம் கேமரா. அரிட்டாபட்டி மலையில வல்லூறு உக்கார்ற இடம் கீழ இருந்து நூறு மீட்டர் இருக்கும். 1.4 கன்வெர்ட்டர் வாங்கவா, 2 வாங்கவா?

முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள், தம்பி. வல்லூறு ஏறத்தாழ 40 செ.மீ. நூறு மீட்டரில் 600 மி.மீ. லென்ஸ் அதை சென்சார் மீது 2.4 மி.மீ. உயரத்துக்குத்தான் வரையும். உங்கள் சென்சாரில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 167 பிக்ஸல், ஆகவே பறவைக்குக் கிடைப்பது 400 பிக்ஸல். 1.4 போட்டால் 560, 2 போட்டால் 800.

இப்போது அதற்கான விலையைப் பாருங்கள். 1.4 ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது பாதி வெளிச்சத்தைத் தின்னும். எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறைவு என்று பொருள்; எஃப்/6.3 என்பது எஃப்/9 ஆகிவிடும். 2 போட்டால் இரண்டு ஸ்டாப், எஃப்/13. டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கேமரா) என்றால் பெரும்பாலானவற்றில் ஆட்டோஃபோகஸ் எஃப்/8 வரைதான், அதுவும் நடுப்புள்ளிகளில் மட்டும். அதைத் தாண்டினால் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா எஃப்/13-லும் பிடிக்கும், ஆனால் விடிகாலையில் திணறும். இந்த வகை ஜூம்கள் 600-இல் ஏற்கெனவே கொஞ்சம் கூர்மை குறைந்துதான் இருக்கும். கன்வெர்ட்டர் பறவையோடு சேர்த்து லென்ஸின் குறையையும் பெரிதாக்கும். எனவே 2 வேண்டாம். 1.4-கூட மிரர்லெஸ்ஸாக இருந்தால் மட்டும்.

இதே 800 பிக்ஸல், கன்வெர்ட்டர் இல்லாமல் 50 மீட்டரிலிருந்து எடுத்தாலும் கிடைக்கும், ஒரு ஸ்டாப் வெளிச்சம்கூடக் குறையாது. பாதி தூரம் என்பதுதான் உண்மையான 2எக்ஸ். ஆனால் பாறை ஏறி அந்தப் பாதி தூரத்தைக் குறைக்காதீர்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. வல்லூறோடு லகுடு, ராஜாளி என்ற வேட்டைப் பறவைகளும் இருக்கிற மலை. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வல்லூறு கூடு வைக்கிற காலம். அப்போது கூட்டின் பக்கமே போக வேண்டாம். பறவை இரை தேடிப் பறக்கிற பாதையின் கீழே, அசையாமல், காலை ஆறு மணிக்கு முன்னாலேயே போய் உட்காருங்கள். அது தானாகவே பக்கத்தில் வந்து போகும்.

ஒத்தக்கடையிலிருந்து: ஆனைமலைப் பக்கம் பத்து மணிக்கு மேல எடுத்த எல்லாப் படமும் தண்ணிக்குள்ள எடுத்த மாதிரி இருக்கு. லென்ஸ் கெட்டுப்போச்சா சார்?

லென்ஸ் கெடவில்லை, குற்றம் காற்றில் இருக்கிறது. பாறை வெயிலில் காய ஆரம்பித்ததும் அதன் மேலுள்ள காற்று சூடாகி, அடர்த்தி மாறி, அலை அலையாக எழும்பும். நீண்ட லென்ஸ் அந்தக் கானலைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது. கன்வெர்ட்டர் போட்டால் இன்னும் மோசம்.

சோதிக்க ஒரு வழி: அசையாத ஒரு பாறையைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் மங்கல் வேறு வேறு இடத்தில் இருந்தால் காற்று. பத்திலும் ஒரே மாதிரி மங்கினால் ஃபோகஸ் தவறு.

விலை உயர்ந்த லென்ஸ் வாங்கியும் இது தீராது. சூரியன் எழுந்ததிலிருந்து எட்டு மணி வரை, மழை பெய்து ஓய்ந்த நாள், மேகமூட்டமான நாள், இவைதான் மருந்து. வெறும் பாறைக்கும் தார் ரோட்டுக்கும் மேலாகப் பார்ப்பதைவிடப் புல்வெளிக்கு மேலாகப் பார்த்தால் அலை குறையும். காருக்குள்ளிருந்து எடுக்கிறவர்கள் ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, உள்ளும் புறமும் ஒரே சூடாகும் வரை பொறுத்திருக்க வேண்டும். எஞ்சின் பானட்டுக்கு மேலாகக் குறி வைக்கவே கூடாது. ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த லென்ஸையும் அரை மணி நேரம் வெளியில் வைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

திருமங்கலத்திலிருந்து: கேனான் ஆர்எஃப் 100-500 லென்ஸில் கன்வெர்ட்டர் உள்ளே போகமாட்டேங்குது.

முதலில் ஜூமை 300-க்கு மேல் திருப்பிக்கொண்டு மாட்டுங்கள். கன்வெர்ட்டரின் முன் கண்ணாடி லென்ஸுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், 300-க்குக் கீழே அதற்கு இடம் இல்லை. 1.4-ஓடு அது 420-700 ஆகிவிடும், கடைசியில் எஃப்/10. பையில் வைக்கும்போதும் லென்ஸ் முழுதாக மடங்காது என்பதால் அதற்கேற்ற பை தேவை. பலவந்தமாகத் திருப்பினால் கண்ணாடி இடிக்கும்.

ராஜபாளையத்திலிருந்து ஒரு அக்கா: செண்பகத்தோப்பில் சாம்பல் நிற மலை அணில் எடுக்கிறேன். புளியமரத்துக்குள்ளே எல்லாம் கருப்பாகவே வருது. ஷட்டர், ஐஎஸ்ஓ எவ்வளவு வைக்கணும்?

அக்கா, இலைகளுக்கு நடுவே தெரிகிற வெள்ளை வானம்தான் கேமராவின் ஒளி மீட்டரை ஏமாற்றுகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7-இலிருந்து +1.3 வரை ஏற்றுங்கள். முடிந்தால் வானம் பின்னால் வராதபடி, மலைச்சரிவோ அடுத்த மரமோ பின்னணியாகும்படி நகர்ந்து நில்லுங்கள். ரோமத்தின் சாம்பல் நிறமும் அப்போதுதான் எடுபடும்.

காய் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தால் ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும். தாவும் என்று தோன்றினால் 1/2000. மர நிழலில் எஃப்/6.3, 1/500-க்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 3200 ஆகும் என்றால், 1.4 கன்வெர்ட்டர் போட்டதும் அதே படத்துக்கு 6400. அந்த நிழலில் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, பிறகு படத்தை வெட்டிப் பெரிதாக்கிக்கொள்வதே நல்லது. ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வையுங்கள், இல்லையென்றால் முன்னால் உள்ள இலையைப் பிடிக்கும். லென்ஸில் ஃபோகஸ் லிமிட்டர் ஸ்விட்ச் இருந்தால் கிட்டத்து எல்லையை வெட்டிவிடுங்கள். செண்பகத்தோப்புக் காடு 1988 முதல் சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம்; வனத்துறை அனுமதிச் சீட்டு இல்லாமல் பாதையைவிட்டு உள்ளே இறங்க வேண்டாம்.

விளாங்குடியிலிருந்து: கன்வெர்ட்டர் போட்டால் மட்டும் ஃபோகஸ் கொஞ்சம் முன்னாடி விழுது. டிஎஸ்எல்ஆர்தான்.

ஃபோகஸ் விழும் இடத்தைத் திருத்தும் ஃபைன் டியூன் மெனுவில் லென்ஸுக்குத் தனி எண், லென்ஸோடு கன்வெர்ட்டர் சேர்ந்ததற்குத் தனி எண் வைக்க வேண்டும். நிழலில் 20 மீட்டரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, ட்ரைபாடில் வைத்து, லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) ஒன்று, வ்யூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்த்து) ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். லைவ் வியூ தெளிவாக இருந்து மற்றது மங்கினால் எண்ணை மாற்றுங்கள். இரண்டும் மங்கினால் முன்னால் மாட்டியிருக்கிற மலிவான யுவி ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல நேரம் திருடன் அதுதான். ஆடிக் காற்றில் வெளியே கன்வெர்ட்டர் மாற்றாதீர்கள், புழுதி நேராக சென்சாருக்குப் போகும்.

உசிலம்பட்டியிலிருந்து: ஜீப்பிலிருந்து எடுக்க லென்ஸுக்கு அடியில் வைக்கும் பீன் பேக் எவ்வளவு எடை?

இரண்டு முதல் மூன்று கிலோ. பழைய ஜீன்ஸ் காலைத் தைத்து முக்கால் பங்கு அரிசி நிரப்புங்கள். முழுக்க நிரப்பினால் லென்ஸ் பதியாது, உருளும்.

திண்டுக்கல்லிலிருந்து: அய்யலூர் பக்கம் தேவாங்கு எடுக்க எந்த ஃபிளாஷ் நல்லது?

எந்த ஃபிளாஷும் வேண்டாம். இருட்டில் வாழ்கிற அந்தக் கண்ணுக்கு ஃபிளாஷ் பெரும் வாதை. சிறிது நேரம் கண் தெரியாமல் கிளையில் தடுமாறும் ஒரு தேவாங்கு ஆந்தைக்கு எளிய இரை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. கடவூர்க் காடு 2022-இல் அதற்கென்றே சரணாலயமானது. வனத்துறை அனுமதியோடு, அவர்கள் ஆள் துணையோடு மட்டும் போங்கள். மங்கலான சிவப்பு விளக்கு, எஃப்/2.8 லென்ஸ், ட்ரைபாட். தேவாங்கு அடிக்கடி உறைந்து நிற்கும், அப்போது 1/30 போதும். ஓரிரு நிமிடம் எடுத்துவிட்டு விளக்கை அணைத்து விலகிவிடுங்கள்.

கோரிப்பாளையத்திலிருந்து: கொடைக்கானலில் காட்டுமாடு எடுத்துவிட்டு இறங்கினால் லென்ஸ் வியர்க்குது. பூஞ்சை வந்துடுமா?

குளிர்ந்த கண்ணாடியில் சமவெளியின் ஈரக்காற்று படிவதால் வருவது அது. மலையிலேயே லென்ஸை பாலிதீன் கவரில் காற்றுப்போகாமல் கட்டி, வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். நீர் கவரின் வெளிப்புறத்தில்தான் படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரப்பத மானியும் போட்டு 40-50 சதவீதத்தில் வையுங்கள்.

சாமநத்தத்திலிருந்து: கண்மாய்க் கரையில தும்பி எடுக்க கன்வெர்ட்டர் உதவுமா?

நன்றாகவே உதவும். கிட்டத்து ஃபோகஸ் தூரம் மாறாது, உருவம் மட்டும் 1.4 மடங்கு பெரிதாகும். கூர்மை ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) மிகக் குறைவு, ஆகவே எஃப்/11 வரை மூடி, கேமராவை இறக்கைக்குப் பக்கவாட்டில் இணையாகப் பிடியுங்கள். தும்பி எழுந்து போனால் துரத்த வேண்டாம். பெரும்பாலும் அதே குச்சிக்கே திரும்பும், அந்தக் குச்சி நுனியில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள்.