நடபைரவி 20, நாடகப்ரியா 10: கல்லூரி இசைத் தியரியை எப்படிப் படிப்பது?

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பி.ஏ. வாய்ப்பாட்டு இரண்டாம் வருடம் படிக்கிறாள். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். பாட்டில் நல்ல மார்க், தியரியில் மட்டும் இரண்டு முறை தோற்றுவிட்டாள். மலையாளம் சரளமாகப் பேசுவாள், ஆனால் வேகமாகப் படிக்க வராது. 72 மேளத்தையும் (ஏழு ஸ்வரமும் உள்ள தாய் ராகங்கள்) ராத்திரி மனப்பாடம் செய்கிறாள், காலையில் பாதி காணாமல் போய்விடுகிறது. "டிகிரியை விட்டுவிட்டுப் பாட்டு மட்டும் கற்றுக்கொள்ளட்டுமா?" என்பதுதான் அவர் கேள்வி.

விட வேண்டாம். பாடத் தெரிந்த பெண்ணுக்குத் தியரியில் முக்கால் பங்கு ஏற்கெனவே தெரியும். தொண்டைக்குத் தெரிந்தது இன்னும் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். எல்லை ஊர்களில் இருந்து வந்த பிள்ளைகளுக்குப் பல வருடம் இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். தமிழ் மீடியம் பிள்ளைகள் இரண்டாம் வருடத்தில் விழுவது பெரும்பாலும் ஒரே பள்ளத்தில்தான். அந்தப் பள்ளத்தின் பெயர் கடபயாதி, எழுத்தை எண்ணாக மாற்றும் கணக்கு.

மேளத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்துக்கும் எண் உண்டு. அந்த எண்களைத் திருப்பிப் போட்டால் மேளத்தின் வரிசை எண் வரும். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இது தமிழ் எழுத்துக்காகச் செய்த கணக்கு இல்லை என்பதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வேலந்தாவளத்திலிருந்து வந்த ஒரு மாணவி ஒருமுறை நோட்டுடன் வந்து நின்றாள். 'நடபைரவி' என்று தமிழில் எழுதி, ந 0, ட 1, திருப்பினால் 10 என்று போட்டிருந்தாள். புத்தகத்தில் 20 என்று இருக்கிறது. அதற்குக் கீழேயே 'நாடகப்ரியா': ந 0, ட 1, திருப்பினால் 10. இது சரி. "ரெண்டுக்கும் அதே ந, அதே ட. ஒண்ணு எப்படி சார் 20, இன்னொண்ணு 10?" என்று கேட்டாள். அருமையான கேள்வி அது. நடபைரவியில் வருவது ட வர்க்கத்தின், அதாவது ட-வில் தொடங்கும் ஐந்தெழுத்து வரிசையின், இரண்டாம் எழுத்து. மலையாளத்தில் அதற்குத் தனி உருவம் இருக்கிறது, தமிழில் இல்லை. இரண்டாம் எழுத்துக்கு எண் 2. கரகரப்ரியாவிலும் இதே கதைதான். தமிழ் க-வை 1 என்று வைத்தால் 21 வரும், அது கீரவாணி. உண்மையில் அங்கே இருப்பது இரண்டாம் க, அதனால் 22.

உங்கள் மகள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: 72 பெயரையும் மலையாள எழுத்தில் ஒருமுறை தன் கையால் எழுதட்டும். அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் கரம், அதிகரம், மிருது, கோஷம், அனுநாசிகம் என்று ஐந்தைந்தாகப் பிரித்துச் சொல்வார்களே, அந்த வரிசையே கணக்கு. க வர்க்கம், ட வர்க்கம், ப வர்க்கம் மூன்றும் 1, 2, 3, 4, 5 என்று போகும். ச வர்க்கமும் த வர்க்கமும் 6, 7, 8, 9, 0. ய, ர, ல, வ என்று தொடங்கும் வரிசை 1 முதல் 8 வரை. மேசகல்யாணி: ம 5, ச 6, திருப்பினால் 65. தீரசங்கராபரணம்: த வர்க்கத்தின் நான்காம் எழுத்து 9, ர 2, திருப்பினால் 29. எல்லையில் வாழ்வது இந்த ஒரு விஷயத்தில் அவளுக்குப் பெரிய கொடுப்பினை. சென்னையில் படிக்கும் பிள்ளைக்கு இந்த எழுத்துகளைப் புதிதாகக் கற்க வேண்டும். உங்கள் மகளுக்கு அவை பஸ் போர்டிலேயே இருக்கின்றன.

கூட்டெழுத்து வரும் பெயர்களில் மட்டும் கவனம். ரத்னாங்கியில் இரண்டாவதாக நிற்கும் ந-வை எடுக்கிறோம், 2 வருகிறது. சக்ரவாகத்தில் முதலில் நிற்கும் க-வை எடுக்கிறோம், 16 வருகிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாது. இப்படிப்பட்ட சில பெயர்களைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வதே வழி.

அப்புறம், மனப்பாடம். 72 ஆரோகண அவரோகணத்தை உருப்போடுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியது ஆறே ஜோடி: ர க, ர கி, ர கு, ரி கி, ரி கு, ரு கு. ர, ரி, ரு என்பவை ரிஷபத்தின் மூன்று வகை, க, கி, கு காந்தாரத்தின் மூன்று வகை. மேல் பாதிக்கும் அதே ஆறு: த ந, த நி, த நு, தி நி, தி நு, து நு. ஆறு மேளம் சேர்ந்தது ஒரு சக்கரம். சக்கரம் எத்தனையாவதோ அது ரி-க ஜோடி. சக்கரத்துக்குள் மேளம் எத்தனையாவதோ அது த-நி ஜோடி. 36 வரை சுத்த மத்யமம், அதற்கு மேல் பிரதி மத்யமம்.

53ஐக் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 36ஐத் தாண்டியதால் பிரதி மத்யமம், 36ஐக் கழித்தால் 17. ஆறாறாக எடுத்தால் இரண்டு சக்கரம் முடிந்து மூன்றாவதில் ஐந்தாவது இடம். மூன்றாவது ரி-க ஜோடி ர கு, ஐந்தாவது த-நி ஜோடி தி நு. இதுதான் கமனாச்ரம மேளம். பூர்வி கல்யாணி பாடுகிற பெண்ணாக இருந்தால் அந்த ராகத்தை ஒருமுறை மெல்லப் பாடச் சொல்லுங்கள். பூர்வி கல்யாணி இதன் ஜன்யம், அதாவது இந்த மேளத்திலிருந்து பிறந்த ராகம். கணக்கில் வந்த ஸ்வரங்கள் அவள் குரலில் வந்து நிற்கும். தினம் ஐந்து எண், கணக்குப் போட்டு, சுருதிப் பெட்டி வைத்துப் பாடிப் பார்க்க வேண்டும். பாடாமல் விட்ட கணக்கு மறுநாள் தங்காது.

மேளப் பெயரில் இன்னொரு குழப்பமும் வரும். ஒரு புத்தகத்தில் 22 கரகரப்ரியா, இன்னொன்றில் 22 ஸ்ரீராகம். இரண்டும் சரி. கனகாங்கியில் தொடங்கும் பட்டியல் ஒன்று, கனகாம்பரியில் தொடங்கும் பட்டியல் ஒன்று. முத்துஸ்வாமி தீட்சிதர் வழி இரண்டாவது. 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் பெரிய நூலும் அந்த வழியில்தான் போகிறது. விடைத்தாளில் எந்தப் பட்டியல் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

தாளத்தில் அவள் தைரியமாக இருக்கலாம். பாலக்காட்டுச் சித்தூர், நெம்மாறை பக்கத்துக் கோயில் விழாக்களில் செண்டை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கணக்கு உடம்பிலேயே இருக்கிறது. செண்டைத் தாளங்களின் எண்ணிக்கை: செம்பட 8, செம்ப 10, அடந்த 14. நம் பக்கம் ஆதி 8, மிச்ர ஜாதி ஜம்பை 7ம் 1ம் 2ம் சேர்ந்து 10, கண்ட ஜாதி அட 5, 5, 2, 2 சேர்ந்து 14. பெயர்களின் சொந்தம் காதிலேயே கேட்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. பஞ்சாரி மேளத்தில் (இது செண்டை மேளம், ராக மேளம் இல்லை) காலம் ஏற ஏற 96, 48, 24, 12, 6 என்று சுற்று குறுகிக்கொண்டே போகும். வர்ணத்தை இரண்டாம் காலத்தில் பாடும்போது கை அசையாமல் அதே வேகத்தில் இருக்கும், ஸ்வரம் மட்டும் இரட்டிக்கும். 'காலம்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்திலும் ஒரே பொருள் என்று எழுதி மார்க்கை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்வரதாளக் குறிப்பு எழுதும் பழக்கம் அடுத்தது. முதல் வருடத்தில் பாடிய மோகன கீதத்திலிருந்து தொடங்கட்டும். ரூபக தாளம், அதன் உறுப்புகள் துருதம் 2, லகு 4. 'க க' என்று துருதத்தில் இரண்டு குறில், கோடு போட்டு 'பா பா' என்று லகுவில் இரண்டு நெடில். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று எண்ணினால் 6 சரியாக வரும். இதைப் புத்தகத்தைப் பார்க்காமல், தான் பாடுவதைத் தானே கேட்டு எழுத வேண்டும். தமிழில் எழுதும்போது மேல் ஸ்தாயிக்கு வைக்கும் புள்ளி மெய்யெழுத்துப் புள்ளி போலவே இருக்கும். விடை திருத்துகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் குழம்புவார். அதனால் தேர்வில் மலையாளத்தில் எழுதுவதே நல்லது. ஏழு எழுத்துதானே, ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

ராக லட்சணக் கேள்விக்கு எல்லாரும் மேளம், ஆரோகணம், அவரோகணம் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். தோடியைப் பற்றி அவ்வளவு மட்டும் எழுதினால் அது தோடியே இல்லை. அதன் காந்தாரம் காகிதத்தில் வெறும் 'கி'தான். பாடும்போது அது ஒரே இடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கிறது. இதை இரண்டு வரியில் எழுதி, ராகத்தின் சாயல் தெரியும் ஸ்வரக் கோவையாக, சொந்தமாக மூன்று வரி சஞ்சாரம் போட்டுக் காட்டினால் இந்தப் பிள்ளை பாடுகிறவள் என்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக கிரக பேதம், அதாவது அதே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு ஸட்ஜத்தை மட்டும் இடம் மாற்றி வேறு ராகம் பெறுவது. இரண்டாம் வருடத்தில் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், எனக்கு மிகவும் பிடித்த பாடமும் இதுதான். வீட்டில் ஹார்மோனியம் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் போனில் கீபோர்டு ஆப் போதும். கறுப்புக் கட்டை மூன்றாகச் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை ஸட்ஜமாக வைத்து, கறுப்பை மட்டும் வாசித்துக்கொண்டே போகட்டும். மோகனம். அதே ஐந்து கட்டைதான், இரண்டாவது கட்டையை ஸட்ஜமாக வைத்தால் மத்யமாவதி. மூன்றாவதை வைத்தால் ஹிந்தோளம். அடுத்த கறுப்புகள் இரண்டாகச் சேர்ந்திருக்கும். அவற்றைத் தனித்தனியே ஸட்ஜமாக வைத்தால் வரும் இரண்டு ராகத்தை நான் இங்கே எழுதவில்லை. மகள் வாசித்துப் பார்த்து, அவளே பெயரைச் சொல்லட்டும்.